முதல் கம்பியிலேயே சோதனை

குச்சனூருக்கு அருகே, பொட்டிப்புரத்து அம்பரப்பர் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. மக்கள் எதிர்ப்பு, வழக்கு என்று அது நின்றுபோனது. அந்த நியாய அநியாயம் தனிக் கதை. மலைக்குள் வைக்கத் திட்டமிட்ட கருவியின் அளவைப் பாருங்கள்: 50,000 டன் காந்த இரும்பு, அதன் அடுக்குகளுக்கிடையே சுமார் 28,800 உணர்கருவிகள், ஒவ்வொன்றுக்கும் 128 வீதம் ஏறக்குறைய 37 லட்சம் மின்தடங்கள். மதுரையில் இதன் 85 டன் முன்மாதிரி ஒன்று இயங்கியிருக்கிறது. இத்தனை தடங்களில் ஏதோ ஒன்று உளறத்தான் செய்யும். அந்த உளறலைப் பிடிக்கும் பொறுப்பு, தகவல் முதலில் ஏறும் கம்பியை இயக்கும் மென்பொருளுக்கு, அதாவது டிரைவருக்கு, உரியது என்பேன்.

இந்த உணர்கருவிகளுக்குள் வாயு நிரப்பப்படுகிறது. வெப்பமும் அழுத்தமும் மாறினால் அவை காட்டும் அளவும் மாறும். ஆகவே இரண்டையும் கூடவே அளந்தாக வேண்டும். அதற்கான சிறு வெப்பமானிகள் பெரும்பாலும் 1982-இல் பிலிப்ஸ் உருவாக்கிய ஐ2சி என்ற இரண்டு கம்பித் தகவல் பாதையில், அதாவது பஸ்ஸில், பேசுகின்றன. ஒவ்வொரு பைட்டுக்கும் எதிர்முனை ‘வந்தது’ என்று தலையாட்டும். ‘சரியாக வந்தது’ என்று சொல்லத் தெரியாது. மின் இரைச்சலில் ஒரே ஒரு பிட் புரண்டால் 27 டிகிரி 155 ஆகலாம், 31-ம் ஆகலாம். 155-ஐப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். 31? கம்பம் பள்ளத்தாக்கில் அது சாதாரண வெயில். 2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. விண்கதிர் ஒன்று கணினி நினைவகத்தில் ஒரு பிட்டைப் புரட்டியிருக்கலாம் என்பது ஊகம். அந்த 155 போலக் கிடைக்கவே முடியாத எண்ணிக்கை என்பதால்தான் அது சிக்கியது.

ஐ2சி-யின் உறவுக்காரப் பஸ்ஸான எஸ்எம்பஸ் இதற்கு வழி கண்டது. செய்தி முழுவதையும் ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து, மீதியைக் கடைசி பைட்டாக அனுப்ப வேண்டும். பெறுபவரும் வகுத்துப் பார்ப்பார். ஒற்றைப் பிட் பிழை எதுவும் தப்பாது. முழுக் குப்பையாக வந்தால் 256-இல் ஒன்று தப்பலாம். வேகம் குறையுமே என்பார்கள். ஐந்து பைட் ஆறாகும். நொடிக்கொரு முறை படிக்கும் வெப்பநிலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடுத்துப் போகும் ஈதர்நெட்டில் 32 பிட் சோதனை இருக்கிறதே என்பார்கள். போடி ஏலத்துக்கு வந்த மூட்டையின் தையல் பிரியவில்லை என்பதற்காக உள்ளே இருக்கும் ஏலக்காய் சுத்தம் என்றாகிவிடுமா? தப்பாக ஏறிய 31-ஐ ஈதர்நெட் 31 ஆகவே பத்திரமாகச் சேர்க்கும்.

கனமான ஆட்சேபம் வேறு. பிழை கண்ட டிரைவர் தானாகவே மறுபடி அனுப்பினால், ‘மின்னழுத்தத்தை ஒரு படி ஏற்று’ என்ற கட்டளை இருமுறை நிறைவேறிவிடலாம். உண்மைதான். அதனால்தான் லினக்ஸ், சோதனை பைட் பொருந்தாவிட்டால் அந்த மதிப்பைத் தராமல் பிழைக் குறியைத் திருப்பித் தருகிறது. மறுபடி கேட்பதா என்பதை அழைத்த நிரல் முடிவு செய்துகொள்ளும். எல்லாச் சில்லுக்கும் இந்தச் சோதனை பைட் தெரியாது என்பதால் சோதனையைச் சில்லுவாரியாகத்தான் இயக்க முடியும். இதற்கு நேர்மாறாக, சென்சிரியானின் ஈரப்பத உணரிகள் சில, இரண்டு பைட்டுக்கு ஒன்றாகத் தாமே சோதனை பைட்டை அனுப்புகின்றன. படித்துவிட்டு ஒப்பிடாமலே தூக்கிப்போடும் நிரல்களும் உண்டு. ஒப்பிடுவதோடு எண்ணியும் வைத்தால், எந்தத் தடத்தில் பிழை கூடுகிறது என்று பார்த்து, இணைப்பு முழுதாகக் கழன்றுவிடும் முன்பே பழுது பார்க்க ஆள் அனுப்பலாம்.