ஒத்து ஊதும் கார்

மதுரையை அடுத்த திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். வீட்டில் 1990களில் வாங்கிய மாருதி 800 இருக்கிறது. இன்ஜினில் குறை இல்லை. நான்குவழிச் சாலையில் விருதுநகர் பக்கம் போகும்போது முள் 75-ஐத் தாண்டியதும் காருக்குள் ‘ஊம்ம்’ என்று ஒரு முழக்கம் கிளம்புகிறது. 85-ஐத் தொட்டால் தானாக அடங்கிவிடுகிறது. பின் சீட்டில் உட்காரும் அம்மாவுக்கு அதனால் தலைவலி. ஓட்டுகிற மகனுக்கோ அது அவ்வளவாகக் கேட்பதில்லை. கார் அலங்காரக் கடையில் கதவு, தரை, கூரை எல்லாவற்றிலும் ‘டேம்பிங் ஷீட்’ ஒட்டிவிட்டால் சத்தமே இருக்காது என்கிறார்கள். ஒட்டலாமா?

கேள்விக்குள்ளேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. சாதாரண இரைச்சல் என்றால் வேகம் கூடக் கூட அதுவும் கூடிக்கொண்டே போக வேண்டும். இது 85-இல் அடங்குகிறது. இரண்டாவது, ஒரே காருக்குள் ஒரு சீட்டில் பலமாகவும் இன்னொரு சீட்டில் மெலிதாகவும் கேட்கிறது. இப்படி வேகத்தையும் இடத்தையும் பார்த்து நடந்துகொள்ளும் சத்தம், எங்கோ இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே நுழைந்துவிட்ட சத்தம் அல்ல. இரண்டு எண்கள் ஒன்றோடொன்று பொருந்திப் போனதால் பிறந்த சத்தம்.

நாதஸ்வரக் கச்சேரியில் பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதுவார். பார்வைக்கு நாதஸ்வரம் போலவே இருக்கும் அந்தக் குழாயில் விரல்களுக்கு வேலை இல்லை. ஒரே சுருதி, மூச்சு அறாமல், கச்சேரி முடியும்வரை. இப்போது பல மேளங்களில் அந்த வேலையைச் சுருதிப்பெட்டி பார்க்கிறது. மாருதி 800-இன் சைலன்சர் குழாய் ஊதுவதும் ஒத்துதான்.

அதன் சுருதியைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். மூன்று சிலிண்டர், 796 சி.சி., நான்கு வீச்சு இன்ஜின். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆக, ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. நான்காம் கியரில் 78 கிலோமீட்டரை ஒட்டி ஓடும்போது இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,200 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு 53 சொச்சம். அதை ஒன்றரையால் பெருக்கினால் 80. நொடிக்கு 80 முறை சைலன்சர் வழியாகப் புகை உந்தித் தள்ளப்படுகிறது. அந்த 80 ஹெர்ட்ஸ்தான் ஒத்தின் சுருதி.

இது முதல் எண். இரண்டாவது எண் காருக்குள் அடைபட்டிருக்கும் காற்றுக்குச் சொந்தமானது. குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது நீர் ஏற ஏற ஓசை மெலிந்து உச்சத்துக்குப் போகும். உள்ளே இருக்கும் காற்றின் உயரம் குறைவதால் அதன் இயல்பான அதிர்வெண் ஏறுகிறது. காருக்குள் இருக்கும் காற்றுக்கும் அப்படி ஒரு சொந்தச் சுருதி உண்டு. மாருதி 800-இல் டிக்கியும் பயணிகள் இருக்கும் இடமும் ஒரே அறைபோலத்தான். பெடலிலிருந்து பின்கண்ணாடி வரை தோராயமாக 2.2 மீட்டர். மதுரையின் பகல் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 352 மீட்டர் போகும். முன்னே போய், பின்னே வந்து, 4.4 மீட்டர் நடந்து முடிக்க நொடியில் 80-இல் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அதாவது 80 ஹெர்ட்ஸ்!

சைலன்சர் 80-இல் ஊதுகிறது. அறையின் காற்றும் 80-இல் அசையத் தயாராக இருக்கிறது. ஊஞ்சல் திரும்பி வரும் சரியான கணத்தில் தள்ளினால் சிறு விரல் பலமே போதும் என்பதுபோல, ஒவ்வொரு உந்தலும் முந்தைய உந்தலின் மீது ஏறி உட்கார்கிறது. பள்ளிப் பாடப்புத்தகம் இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர் வைத்தது. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒத்து இருக்கிறது பாருங்கள். குழாய் ஊத, அறை அதற்கு ஒத்து ஊதுகிறது. 85-ஐத் தாண்டினால் குழாயின் சுருதி 87 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அறைக்கு அந்தச் சுருதி பிடிக்காது, கைவிட்டுவிடுகிறது.

அம்மாவின் தலைவலிக்கும் இதுதான் காரணம். அறையில் நிற்கும் அலையில் காற்றழுத்தம் இரண்டு முனைகளிலும் அதிகபட்சமாக ஏறி இறங்கும். நடுவில் அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இருக்காது. ஓட்டுபவரின் தலை அந்த நடுப்பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின் சீட்டில் இருப்பவரின் காதோ பின்கண்ணாடி முனைக்குப் பக்கத்தில். அவர்களே சோதித்துப் பார்க்கலாம். ஊரைத் தாண்டி, சாலை காலியாக இருக்கும்போது முள்ளை 78-இல் நிறுத்தி, பின் சீட்டில் இருப்பவர் மெல்ல முன்னால் சாய்ந்து இரண்டு முன் சீட்டுகளுக்கும் இடையில் தலையைக் கொண்டுவரட்டும். முழக்கம் காதருகிலேயே கரைந்துபோகும். திரும்பச் சாய்ந்தால் மீண்டும் வரும். ஒரு அலையின் நடுவிலிருந்து முனைக்குத் தலையை நகர்த்திப் பார்ப்பது, அதுவும் ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், எத்தனை பேருக்குக் கிடைக்கும் அனுபவம்!

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. 20 டிகிரியில் ஒலியின் வேகம் 343 மீட்டர், 40 டிகிரியில் 355. மார்கழி விடியலில் முழக்கம் கிளம்பும் வேகத்தைவிட, சித்திரை மதியத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடுதலாகப் போனால்தான் அது கிளம்பும். காரின் தகடுகள் வளைந்து கொடுப்பதால் கணக்கு இம்மி பிசகாமல் வராது. ஆனால் திசை இதுதான்.

சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் நாதஸ்வரம் வாசித்த ஊர் மதுரை. இந்த மேளத்தை முழுசாகவே பார்த்துவிடலாம். சைலன்சர் ஒத்து. அறை, ஓசையைத் தாங்கிப் பெருக்கும் கோயில் மண்டபம். கூரைத் தகடும் பின்கதவும் தவில். இழுத்துக் கட்டிய தோல்போல அவை உள்ளும் வெளியும் அசைந்து அறைக் காற்றைத் தள்ளுகின்றன. ஆடும் டேஷ்போர்டு திருகுகளும் கதவுக் கைப்பிடிகளும் ஜால்ரா. நாதஸ்வரம் யார் என்றால், டயர் சாலையில் உரசும் சத்தமும் காற்று கண்ணாடியில் சீறும் சத்தமும். ராகம்போல ஓயாமல் மேலும் கீழும் போவது அதுதான். கச்சேரியில் ஒவ்வொருவரையும் அமர்த்த ஒவ்வொரு வழி வேண்டும். தவிலை உள்ளங்கையால் அமர்த்தலாம். ஒத்து ஊதுபவரை அப்படிச் செய்ய முடியாது. கடைக்காரர் விற்கும் ஷீட் தவிலுக்கு வைத்த உள்ளங்கை.

வரலாறு சுருக்கமாக. புகைக்குழாய் சத்தத்தை அடக்கும் கருவிக்கு அமெரிக்காவின் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-இல் காப்புரிமை வாங்கினார்கள். குடுவைக்குள் அடைபட்ட காற்று ஒரே சுருதியில் அதிரும் என்பதை ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார். டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் 1911-இல் மோட்டார் தொழில் தொடங்கிய நாள் முதல் இந்த ஊர்ப் பட்டறைகளுக்கு வண்டிச் சத்தம் பழக்கம். முதல் மாருதி 800-இன் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இவ்வளவு போதும்.

ஷீட்டுக்கு வருவோம். எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் ‘ணங்’ என்று நெடுநேரம் ஒலிக்கும்; விரல் வைத்தால் நின்றுவிடும். அந்த விரல் வேலையைத்தான் தார் ஷீட்டும் பியூட்டைல் ரப்பர் ஷீட்டும் செய்கின்றன. தகடு வளையும்போது ரப்பரும் சேர்ந்து இழுபட்டு, அதிர்வு வெப்பமாகிவிடுகிறது. உண்மையான, நல்ல வேலை. ஆனால் அதற்குத் தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. நடுவில் அதிகம் அசையும் பகுதியில் ஒரு துண்டு ஒட்டினாலே பலனில் பெரும்பங்கு கிடைத்துவிடும். முழுக்க ஒட்டினால் கடைக்குத்தான் லாபம். 650 கிலோ எடையுள்ள காரில் சதுர மீட்டருக்குச் சில கிலோ என்று ஏற்றிக்கொண்டே போனால் பெட்ரோலும் பிக்கப்பும் பதில் சொல்லும்.

ஷீட்டுக்கு மேல் ஒட்டும் பஞ்சு விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பஞ்சும் ஃபெல்ட்டும் ஒலியை உறிஞ்ச, அதன் தடிமன் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருக்க வேண்டும். காற்றின் சீறலுக்கு அலைநீளம் சில அங்குலம்தான்; பஞ்சு அதை அழகாக விழுங்கும். 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் 4.4 மீட்டர். அதில் கால் பங்கே ஒரு மீட்டருக்கு மேல். அரை அங்குலப் பஞ்சை அது தாண்டிப் போவது, பந்தலில் கட்டிய தோரணத்தைத் தேர் தாண்டுவதுபோல. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சீறல் அடங்கியதும், அதுவரை அதற்குப் பின்னால் மறைந்திருந்த ஒத்து முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் ‘முழக்கம் கூடிவிட்டது’ என்று சொல்வது இதனால்தான்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? காரை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்து ஏற்ற வேண்டும். ஓடாத காரிலும் ஒரு இடத்தில் முழக்கம் வந்தால் டயரும் சாலையும் குற்றவாளிகள் அல்ல, இன்ஜினும் சைலன்சரும்தான். அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு, பின்னால் ஒருவர் கூரையையும் பின்கதவையும் மாறி மாறி உள்ளங்கையால் அழுத்தட்டும். எதை அழுத்தும்போது சத்தம் மாறுகிறதோ, ஷீட் துண்டு அங்கே போனால் போதும்.

பிறகு காருக்கு அடியில் பார்க்க வேண்டும். சைலன்சரைக் காரின் தரைத் தகட்டிலிருந்து தொங்கவிடும் ரப்பர் வளையங்கள் இற்றுப்போய், யாரோ ஒரு அவசரத்தில் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். பழைய கார்கள் பலவற்றிலும் காணக்கூடிய காட்சி. கம்பி கட்டிய கணம் முதல் குழாயின் ஒவ்வொரு துடிப்பும் நேராகத் தரைத் தகட்டுக்குப் போகிறது. ஒத்தைக் கொண்டுபோய்த் தவிலோடு சேர்த்துக் கட்டியதற்குச் சமம். இன்ஜின் மவுண்டிங் ரப்பரும் அப்படித்தான். இன்ஜின் சூடும் இந்த ஊர் வெயிலும் பட்டுப் பல ஆண்டுகளில் ரப்பர் இறுகும். இறுகிய ரப்பர் அதிர்வைத் தடுக்காது, கடத்தும். சைலன்சர் ரப்பர், மவுண்டிங் இரண்டையும் மாற்றுவதற்கான செலவு, கார் முழுக்க ஷீட் ஒட்டும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

அதன்பின் ஓட்டைகள். ஆக்சிலேட்டர் கேபிளும் ஒயர்களும் இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் துளைகளில் ரப்பர் காய்ந்து விலகியிருக்கும்; கதவு பீடிங் தட்டையாகியிருக்கும். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கை எவ்வளவு தடிமனாக்கினாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. முழக்கத்துக்கு இல்லாவிட்டாலும் சீறலுக்கு இது பெரிய மருந்து.

‘ஸ்போர்ட்ஸ் சைலன்சர்’ மாட்டச் சொல்பவர்களிடம் தலையாட்டிவிட வேண்டாம். நிறுவனம் கொடுத்த சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளைக்குழாய்களும் துடிப்புகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குவதற்காக அளந்து வைத்தவை. அதைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் வைத்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். குழாயில் பக்கவாட்டில், முனை அடைத்த ஒரு கிளைக்குழாய் வைத்து அந்தச் சுருதியை மட்டும் கொல்லும் வழி உண்டு. கிளைக்குள் போன அலை மோதித் திரும்பி, எதிர்முகமாக வந்து, புதிய அலையை அழிக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் 300 டிகிரி சூட்டுப் புகையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 480 மீட்டர் ஓடுவதால் கிளை ஒன்றரை மீட்டர் நீளம் வேண்டும். மூன்றே கால் மீட்டர் சொச்சக் காரின் அடியில் அதற்கு இடம் ஏது?

நான்குவழிச் சாலை வருமுன் இந்தத் தொல்லை இவ்வளவாகத் தெரிந்திருக்காது. லாரிக்குப் பின்னால் 50, முந்தும்போது 70, ஊர் வந்தால் 30 என்று முள் ஆடிக்கொண்டே இருக்கும். எந்தச் சுருதியிலும் அறை நிலைக்க நேரம் இருக்காது. இன்று அதே கார் சாத்தூர் வரை ஏறக்குறைய முக்கால் மணி நேரம் 78-இல் அசையாமல் போகிறது. திருமங்கலத்து வாசகர் இந்த ஞாயிறு பட்டறையில் காரைத் தூக்கிக் கட்டுக்கம்பியைத் தேடட்டும். அது சரியாகும்வரை, அம்மா பின்னால் இருக்கும்போது முள் 70-இல் நிற்கட்டும். 72 ஹெர்ட்ஸுக்கு அந்த அறை ஒத்து ஊதாது.