ஆறு கெடுவது கரையில்தான்

பினாங்குத் தீவின் முக்கிய ஆறு சுங்கை பினாங். அதன் கிளைகளில் ஒன்று தண்ணீர்மலைப் பக்கத்து அருவியில் பிறக்கிறது. தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை செல்வோர் அறிந்த பகுதிதான் அது. தாவரவியல் பூங்காவில் தெளிவாக ஓடும் அந்த நீர், சில கிலோமீட்டர் தள்ளி ஜெலுத்தோங் அருகே கடலைச் சேரும்போது கலங்கிக் கறுத்துவிடுகிறது. இந்தக் குறுகிய தூரத்தில் என்னதான் நடக்கிறது?

மலையில் காடு இருக்கும்வரை மழைநீர் இலைகளிலும் வேர்களிலும் தங்கி மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. மரத்தை வெட்டிச் சரிவைத் தோண்டினால் அதே மழை மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. ஆற்றின் அடியில் அந்த மண் படிய, நீர் ஓடும் வழி குறுகுகிறது. அடுத்த பெருமழையில் வெள்ளம் புகுவது தாழ்வான பகுதி மக்களின் வீடுகளில்தான்.

மற்றொரு முக்கியக் கிளை ஆயர் ஈத்தாம் ஆறு. அடுக்குமாடி வீடுகளும் சந்தையும் உணவுக் கடைகளும் நெருங்கிய வட்டாரத்தைக் கடந்து அது வருகிறது. கழிப்பறைக் கழிவு குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்திற்குப் போகிறது. சாலையோரக் கால்வாய் நீரோ நேராக ஆற்றில் விழுகிறது. பலர் இந்த வேறுபாட்டை அறிவதில்லை. மீன் கழுவிய நீர், பாத்திரம் கழுவிய எண்ணெய், பட்டறைக் கழிவு எல்லாம் கால்வாயில் ஊற்றப்படுகின்றன. இந்தக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. பிராணவாயு குறைந்தால் மீன் வாழாது, நீர் நாறும். கடலுக்கு அருகே நிலைமை இன்னும் மோசம். அலையேற்றம் ஆற்று நீரைத் தடுத்து நிறுத்துவதால் அழுக்கு அங்கேயே தேங்குகிறது.

மலேசியச் சுற்றுச்சூழல் துறை பிராணவாயு, அம்மோனியா, மண்துகள் உள்ளிட்ட 6 அளவுகளைக் கொண்டு ஆறுகளுக்குப் புள்ளி வழங்குகிறது. 81 அல்லது அதற்கு மேல் பெற்றால் சுத்தமான ஆறு. 60க்குக் கீழே போனால் மாசடைந்த ஆறு. சுங்கை பினாங் பல ஆண்டுகள் மாசடைந்த ஆறுகளின் வரிசையில் இருந்தது. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஒரு மாநிலம் ஒரு நதி' திட்டத்தில் பினாங்கு மாநிலத்திற்குத் தேர்வானதும் இந்த ஆறுதான்.

ஆற்றின் குறுக்கே வலை கட்டிப் போத்தல்களையும் நெகிழிப் பைகளையும் அள்ளிவிடலாம். கரைந்துபோன அம்மோனியாவை எந்த வலையும் பிடிக்காது. ஆற்றைப் பராமரிப்பது நீர்ப்பாசன, வடிகால் துறை. கடைக்கு உரிமம் வழங்குவதும் கட்டடத்திற்கு அனுமதி தருவதும் மாநகராட்சி. இரண்டும் ஒரே நோக்கில் இயங்காவிட்டால் அள்ளிய அழுக்கு மறுநாளே திரும்ப வந்துவிடும்.

சிங்கப்பூர் இதற்கு நல்ல உதாரணம். 1977இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ஆறுகளைத் தூய்மைப்படுத்தச் சொன்னபோது, வேலை பெரும்பாலும் நிலத்தில்தான் நடந்தது. பன்றிப் பண்ணைகள் மூடப்பட்டன. தெருவோர வியாபாரிகள் கழிவுநீர் வசதியுள்ள உணவு நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். இதற்கு 10 ஆண்டுகள் பிடித்தன. வியாபாரிகளுக்கு மாற்றிடம் கொடுத்ததும் அந்த வெற்றியில் ஒரு பகுதி.

பினாங்கிலும் கட்டுமான இடத்தில் மண்ணைத் தேக்கும் குட்டை, உணவுக் கடையில் எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி, சந்தைக் கழிவுநீருக்குத் தனிக்குழாய் ஆகியவை சரியாக இயங்கினால் ஆற்றில் சேரும் அழுக்கு கணிசமாகக் குறையும். வீட்டில் பொரித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் இருப்பதும் இதில் அடக்கம்.