இருபத்தொரு கிலோமீட்டரும் இரண்டு லிட்டர் வியர்வையும்

கோவில்பட்டியிலிருந்து சாத்தூருக்கு நடந்தே போக முடியுமா? வயதில் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். சந்தைக்கும் திருவிழாவிற்கும் அதைவிடத் தொலைவு நடந்து பழகிய கால்கள் அவர்களுடையவை. இன்று ஏறத்தாழ அதே தூரத்தை, பணம் கட்டி, மார்பில் எண் குத்திக்கொண்டு ஓடுகிறோம். அதற்கு அரை மாரத்தான் என்று பெயர். கணக்காகச் சொன்னால் 21.0975 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட 42.195 கிலோமீட்டரே 1921இல் மாரத்தானின் நிலையான தூரமாக ஏற்கப்பட்டது. அதில் சரிபாதி இது.

சென்னையிலும் கோவையிலும் நடைபெறும் இத்தகைய ஓட்டங்களில் முதலாவதாக வருபவர் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்வார். ஆனால் அங்கே கூடுவோரில் பலர் இரண்டரை, மூன்று மணி நேரம் எடுப்பவர்கள். முழுத் தூரத்தையும் ஓடாமல், கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நடந்து முடிப்பவர்களும் உண்டு. நீங்களும் அப்படி ஒருவராகச் சேர விரும்பினால் முதலில் "கால் தாங்குமா?" என்றுதான் கேட்பீர்கள். கரிசல் பூமியில் இருப்பவர் அதற்கு முன் வேறொன்றைக் கேட்க வேண்டும்: உடம்பில் பிறக்கும் சூடு எங்கே போகும்?

எட்டு நிமிடத்திற்கு ஒரு டிகிரி

ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆற்றல் செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 480 கிலோகலோரி செலவாகும். இதில் நம்மை முன்னே தள்ளுவதற்குப் பயன்படுவது ஐந்தில் ஒரு பங்குதான். மீதி ஏறக்குறைய 380 கிலோகலோரி வெறும் வெப்பமாகிறது. லாரி எஞ்சின் சூடாவதைப் போலத்தான் இதுவும்.

அவருடைய உடலை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 50 கிலோகலோரி போதும். வகுத்துப் பாருங்கள். வெப்பம் வெளியேற வழியே இல்லை என்றால் எட்டு நிமிடத்திற்கு ஒரு டிகிரி வீதம் ஏறும்! 37 டிகிரியில் புறப்பட்டவர் அரை மணி நேரத்திற்குள் 40ஐத் தொட்டுவிடுவார். அது உயிருக்கே ஆபத்தான எல்லை.

அப்படி நேராமல் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 21 கிலோமீட்டரில் பிறக்கும் ஆயிரம் கிலோகலோரியையும் வியர்வை ஒன்றே வெளியேற்றுவதென்றால் ஒன்றே முக்கால் லிட்டர் ஆவியாக வேண்டும். "ஆவியாக வேண்டும்" என்பதைக் கவனியுங்கள். வழிந்து கீழே சொட்டும் வியர்வை நம்மைக் குளிர்விப்பதில்லை.

அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. 1912 ஜூலை 14 அன்று ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தது. வட ஐரோப்பாவில் அன்று நிழலிலேயே 32 டிகிரி வெயில். போர்த்துகீசியத் தச்சர் பிரான்சிஸ்கோ லாசரோ பாதித் தூரத்தைத் தாண்டியபின் சாலையில் விழுந்தார். மறுநாள் காலை இறந்தார். வெயில் சுடாதிருக்க அவர் உடம்பில் மெழுகு பூசியிருந்தார் என்றும், அது வியர்வையைத் தடுத்துவிட்டது என்றும் கூறப்படுகிறது. அதே ஓட்டத்தில் களைத்துப் பாதியில் நின்ற ஜப்பானியர் ஷிஸோ கனகுரி, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பினார். 1967இல் ஸ்வீடன் நாட்டார் அவரை அழைத்து மிச்ச ஓட்டத்தை முடிக்கச் செய்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாட்கள் சொச்சம்! நின்றுவிட்டவர் பிழைத்தார் என்பதே இதில் நாம் பார்க்க வேண்டியது.

தூத்துக்குடியும் கோவில்பட்டியும்

ஒரே மாவட்டம், ஆனால் வியர்வையின் நடத்தை வேறு. தூத்துக்குடிக் கடற்கரையில் காற்றிலேயே ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் சட்டையை நனைத்துச் சொட்டும். புழுக்கம் தாங்காமல் நீங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்வீர்கள். உள்ளே கோவில்பட்டிப் பக்கம், வறண்ட மாதங்களில், வியர்வை தோலில் தெரியுமுன்பே காய்ந்துவிடுகிறது. குளிர்விக்கும் வேலை நன்றாகவே நடக்கிறது. ஆனால் "எனக்கு வியர்க்கவே இல்லையே" என்ற ஏமாற்றமும் சேர்ந்து வருகிறது. ஓடி முடித்தபின் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாகப் படிந்த உப்புதான் உண்மையைச் சொல்லும்.

எவ்வளவு நீர் போயிற்று என்று அறிய எளிய வழி, ஓடுமுன்னும் ஓடியபின்னும் எடை பார்ப்பது. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. இடையில் குடித்த நீரையும் கூட்டிக்கொள்ளுங்கள். சித்திரை நண்பகலில் இந்தச் சோதனை வேண்டாம். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைவிட, அதாவது சுமார் 35 டிகிரியைவிட, மிகுந்துவிட்டால் காற்றே நம் உடம்பைச் சூடாக்கத் தொடங்கும். கோடையில் விடியுமுன் காட்டுவேலைக்குப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பும் சம்சாரிகளின் நேரக்கணக்கே ஓடுபவருக்கும் ஏற்றது.

நடை ஏன் கௌரவக் குறைவன்று

நடையும் ஓட்டமும் ஒரே செயலின் மெதுவான, வேகமான வடிவங்கள் அல்ல. நடக்கும்போது எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்கிறது. கடிகாரத்தின் ஊசலைத் தலைகீழாகப் பிடித்ததுபோல் உடல் காலின் மேல் ஆடிச் செல்கிறது. ஓடும்போது இரு பாதங்களும் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கின்றன. தசைநார்கள் சுருள்வில் போல் இழுபட்டு மீள்கின்றன. ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் தாக்குகிறது. நடையில் அது எடையைவிடச் சிறிதே அதிகம். மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வரை நடை சிக்கனம். அதற்கு மேல் ஓட்டமே சிக்கனம்.

மணிக்கு 5 கிலோமீட்டர் நடையில் பிறக்கும் வெப்பம், 8 கிலோமீட்டர் ஓட்டத்தில் பிறப்பதில் பாதிக்கும் குறைவு. ஆனால் வியர்வை உடனே நின்றுவிடுவதில்லை. ஆகவே இடையிடையே நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் சேர்ந்துபோன வெப்பத்தை இறக்கி வைக்கும் நிமிடம். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலவே இம்முறையைப் புதியவர்களிடையே பரப்பினார். களைத்தபின் நடப்பதன்று, களைக்குமுன் நடப்பதே இதன் உயிர்நாடி. நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே வைத்துக்கொண்டால் சராசரி வேகம் மணிக்கு 7.4 கிலோமீட்டர். இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டுக்கு இரண்டு என்றால் மூன்றேகால் மணி.

மெதுவாகச் செல்பவருக்கென்றே ஓர் ஆபத்தும் இருக்கிறது. அது தாகத்துக்கு நேர்மாறானது. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்திற்கு மேல் எடுத்தவர்களுமே பெரும்பாலும் இதற்கு ஆளானார்கள். தண்ணீர் வைத்திருக்கும் இடத்தில் எல்லாம் நின்று குடித்ததன் விளைவு! இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, வலிப்பு வரும். தாகத்திற்கேற்பக் குடியுங்கள், எடை கூடும் அளவுக்குக் குடிக்காதீர்கள். உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் கரிசல் வீடுகளில் உள்ளவைதானே, பயிற்சிக்குப்பின் அவை மிக நல்லவை.

உணவைப்பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தசையிலும் ஈரலிலும் சேமித்துள்ள கிளைக்கோஜன் ஏறக்குறைய 1,600 முதல் 2,000 கிலோகலோரி தரும். நமக்குத் தேவை 1,260. கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிப் பெருமைதான். அதிலுள்ள வெல்லம் விரைவில் செரிக்கும். கடலையின் கொழுப்பு மெதுவாகச் செரிக்கும். ஆகவே அதை ஓடி முடித்துவிட்டுத் தின்பதே நலம்.

வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதற்குள் இரத்தத்தில் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது. அதில் வீணாகும் உப்பும் குறைகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கண்ட பின்னரே தொடங்க வேண்டும்.

உடன் ஓடுபவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, அதை வெறும் களைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். வெப்பத்தாக்கு என்று கருதி நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி, விசிறுங்கள். கூடவே 108ஐ அழையுங்கள். வண்டி வரட்டும் என்று குளிர்விப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. நினைவு தடுமாறுபவர் வாயில் நீர் ஊற்றவும் கூடாது.

இனி, எங்கே ஓடுவது? கரிசல் மண்ணிலுள்ள களிமண் நீரை உறிஞ்சி உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் அந்த வெடிப்பில் கால் சிக்கினால் கணுக்கால் பிசகிவிடும். ஐப்பசி மழையிலோ ஒவ்வொரு அடிக்கும் மண் ஒட்டிக்கொண்டு காலணியே பாரமாகிவிடும். நாற்கர நெடுஞ்சாலை ஓடுமிடமே அன்று. ஊர்களை இணைக்கும் சிறு தார்ச்சாலைகளே ஏற்றவை. அங்கும் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாகச் செல்லுங்கள். விடியுமுன் புறப்படுவதால் சட்டை வெள்ளையாக இருக்கட்டும்.