சின்னஞ்சிறு பிள்ளைக்கு எந்த ராட்டினம்?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு கேள்வி கிளம்பும். "எப்பப்பா போகலாம்?" என்று பெரியவன் ஆரம்பிப்பான். எங்கே, எதற்கு என்று ஒன்றும் அறியாமலே, பாலர் பள்ளிக்குப் போகும் கடைக்குட்டியும் "எப்பப்பா?" என்று பின்பாட்டுப் பாடும். பீடோங்காக இருந்தாலும், பாடாங் செராயாக இருந்தாலும், கூலிம் பக்கத்துத் தோட்டமாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். அம்மா, "இந்தத் தடவையாவது கூட்டிக்கொண்டு போங்களேன்" என்பார்.

பெரியவனைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அவன் எதில் ஏறினாலும் சமாளித்துக்கொள்வான். நான் சொல்ல வந்தது அந்தக் கடைக்குட்டியைப் பற்றி. மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தையை எதில் ஏற்றலாம், எதில் ஏற்றக்கூடாது? இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, நேயர்களே. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் சிறு வயதில் 'கேளிக்கைப் பூங்கா' என்ற சொல்லையே நாங்கள் கேட்டதில்லை. தைப்பூசக் காலத்தில் திடலோரம் சுற்றும் ராட்டினம் ஒன்று. ஆண்டுக் கடைசியில் பினாங்கு சுங்கை நீபோங் திடலில் நடந்த பெஸ்தா மற்றொன்று. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும் வரை பட்டர்வொர்த்துக்குப் பஸ், அங்கிருந்து ஃபெரி, பிறகு இன்னொரு பஸ். போய்ச் சேருவதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடும். இன்று நிலைமை வேறு. சுங்கை பட்டாணி சிந்தா சாயாங்கிலேயே கார்னிவல் நீர்ப்பூங்கா வந்தது. தெலுக் பாஹாங்கில் 2012-இல் எஸ்கேப் பூங்கா, அதே ஆண்டில் ஜொகூரில் லெகோலாந்து, 2022 பிப்ரவரியில் கெந்திங் மலையில் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்று வரிசையாக வந்துவிட்டன. ஆனால் பூங்கா எவ்வளவு பெரிதானாலும், நான்கு வயதுக் குழந்தையின் உடம்பு அன்றைக்கு இருந்த அதே உடம்புதான்.

என் கதைக்கு வருகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன், என் மகளுக்கு நான்கு வயது. ஊருக்கு வந்திருந்த கேளிக்கைச் சந்தை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடுகிற கடற்கொள்ளையர் கப்பல் அங்கே இருந்தது. அளவுக் கட்டை ஒன்றும் வைத்திருந்தார்கள். மகள் அதற்கு ஓர் அங்குலம் குறைவு. அன்றைக்குப் பார்த்து அடிக்கட்டை தடித்த செருப்பு போட்டிருந்தாள். "கொஞ்சம் எக்கி நில், கண்ணு" என்று காதில் சொன்னவன் நான்தான். டிக்கெட் வாங்கியவரும் பார்த்தும் பாராதவராக விட்டுவிட்டார். குற்றம் அவருடையது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். இரும்புத் தடுப்புக் கம்பி மேலிருந்து இறங்கி என் தொடையில் வந்து நின்றது. என் தொடையில்தான்! மகளுடைய மடிக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கப்பல் உச்சிக்குப் போய் ஒரு விநாடி நின்று திரும்பும்போது, நம் உடம்பே ஆசனத்தைவிட்டு மேலே எழும்புகிறதல்லவா? அந்த நேரத்தில் என் மகள் அப்படியே கம்பிக்கு அடியில் வழுக்க ஆரம்பித்தாள். ஒரு கையால் அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். மறு கையால் இடுப்பைச் சுற்றி நெருக்கினேன். கப்பல் நிற்கும் வரை விடவில்லை. ஓரிரு நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். இறங்கியபோது என் விரல்கள் விரியவில்லை. அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது விலாவில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தது. என் மனைவி அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த அளவுக் கட்டையின் பொருளை யோசித்தேன். நாம் அதை ஒரு கெடுபிடியாக நினைக்கிறோம். "ஓர் அங்குலம்தானே, விடுங்கள் அண்ணே" என்று கெஞ்சுகிறோம். ஆனால் ஆசனமும் கம்பியும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்குச் செய்யப்பட்டவை. இரண்டு பேருக்கு ஒரே கம்பி என்றால், அது பருத்தவர் தொடையோடு நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பொடிசுக்குக் கம்பி இருந்தும் இல்லாததுதான். "நான் பிடித்துக்கொள்கிறேன்" என்பது பேச்சுக்குச் சரி. சுழற்சியின் வேகத்தில் பதினைந்து கிலோக் குழந்தை பதினைந்து கிலோவாக நம் கைக்கு இருப்பதில்லை.

வீட்டிலேயே ஒரு வேலை செய்யுங்கள். புறப்படுவதற்கு முதல்நாள், செருப்பில்லாமல், நிலைக்கதவில் பிள்ளையை நிறுத்தி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி நடுத்தர வளர்ச்சியுள்ள குழந்தை மூன்று வயதில் 95, 96 சென்டிமீட்டர், நான்கில் 103, ஐந்தில் 110 அளவில் இருக்கும். கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் இருட்டில் பாயும் 'ஸ்பேஸ் மவுண்டன்' ரயிலுக்கு 102 சென்டிமீட்டர் வேண்டும் என்று விதி. பார்த்தீர்களா, நான்கு வயதுக் குழந்தை அந்தக் கோட்டில் சரியாக வந்து நிற்கிறது! உயரம் எட்டிவிட்டது என்பதாலேயே ஏற்றிவிடலாமா? அதுதான் இல்லை. உயரம் முதல் வாசல் மட்டுமே.

பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலை. வளர்ந்தவருக்கு ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோதான். நம் கடைக்குட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கனத்த தலை, மெலிந்த கழுத்து. வெடுக்கென்று திரும்புகிற, திடீரென்று நிற்கிற எந்தச் சவாரியும் அந்தக் கழுத்துக்கு ஆகாது. இன்னொன்று, "கையை வெளியே நீட்டாதே, எழுந்து நிற்காதே" என்றால் தலையாட்டும். சவாரி கிளம்பியதும் மறந்துவிடும். கீழே பாட்டியைக் கண்டால் எழுந்து நின்று கையசைக்கும். அது குறும்பு இல்லை, வயசு.

இதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்களேன்.

குதிரைகள் சுற்றுகிற குடை ராட்டினம்தான் இந்த வயதுக்கு ராஜா. ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே சுற்றுக்குள் வெளிவரிசைக் குதிரை பெரிய வட்டத்தையும் உள்வரிசைக் குதிரை சின்ன வட்டத்தையும் கடக்கின்றன. ஆகவே வெளியே வேகம் அதிகம், உள்ளே நிதானம். முதல் தடவை உள்வரிசையில், மேலும் கீழும் ஏறி இறங்காத குதிரையிலோ பலகை ஆசனத்திலோ உட்கார வையுங்கள். இடுப்பு வாரைக் கட்டிவிட்டு, நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். வெளியே நின்று படம் பிடிக்கும் ஆசையை இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

குட்டி ரயில் இன்னும் நல்லது. பிள்ளைக்குத் தானே ஓட்டுவதுபோன்ற பெருமை. லெகோலாந்தில் மூன்று முதல் ஐந்து வயதினருக்கென்றே குட்டிக் கார் ஓட்டும் 'ஜூனியர் டிரைவிங் ஸ்கூல்' தனியாக இருக்கிறது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வேறு. அப்படி வயதைப் பிரித்து வைத்திருப்பதே ஒரு பூங்காவை எடைபோட நல்ல அடையாளம் என்பது என் எண்ணம்.

சுழலும் டீக்கோப்பையில் ஏறினால், நடுவில் இருக்கும் சக்கரத்தைத் தொடாதீர்கள். அதைத் திருப்பத் திருப்பத்தான் கோப்பை வேகமாகச் சுழலும். பெரியவன் கை சும்மா இருக்காது, அவனை வேறு கோப்பைக்கு அனுப்பிவிடுங்கள். பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பிள்ளையா? கோப்பை வேண்டவே வேண்டாம். இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் இல்லாத இந்தத் தலைசுற்றல், அதற்குப் பிறகு தலைகாட்டிப் பள்ளி வயதில் அதிகமாகிறது. நாசி லெமாக்கும் ஐஸ் கச்சாங்கும் சாப்பிட்ட கையோடு எதிலும் ஏற்றாதீர்கள் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

உயரமான ராட்டினத்துக்கு ஒரே விதி, கதவு. 1893-இல் சிகாகோ கண்காட்சியில் ஃபெரிஸ் என்ற பொறியாளர் எழுப்பிய முதல் ராட்சத ராட்டினம் 264 அடி உயரம். அதன் 36 பெட்டிகளும் நாற்புறமும் அடைத்த அறைகள். நம் பக்கத்துச் சந்தைகளில் சுற்றுவதில் சில, திறந்த பலகையும் குறுக்கே ஒரு கம்பியும் மட்டும் உள்ளவை. பெட்டி மூடியிருந்து, வெளியிலிருந்து தாழிடுவதாக இருந்தால் போகலாம். திறந்த பலகை என்றால் கீழே நின்று விளக்குகளை வேடிக்கை பார்த்தாலே போதும்.

பேய் வீடு? தயவுசெய்து வேண்டாம். "அது பொம்மைதானே" என்பது நமக்குத் தெரியும். மூன்று, நான்கு வயதில் பொம்மைக்கும் மெய்க்கும் நடுவில் கோடு இன்னும் விழவில்லை. இரண்டு நிமிட இருட்டுக்காக இரண்டு மாதம் தனியாகத் தூங்காத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வேஷம் போட்ட பெரிய பொம்மைகள் கட்டிப்பிடிக்க வரும்போதும் இதே கதைதான். பிள்ளை உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்தால், முன்னால் தள்ளாதீர்கள்.

காற்றடித்து நிறுத்துகிற துள்ளல் கோட்டையை எல்லாரும் சாதுவென்று நினைக்கிறார்கள். 2021 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில், டெவன்போர்ட் நகரத்து ஹில்கிரெஸ்ட் தொடக்கப்பள்ளியில் ஆண்டிறுதிக் கொண்டாட்டம். திடீர்க் காற்று அந்தக் கோட்டையைத் தூக்கிவிட்டது. ஆறு பிள்ளைகள் இறந்து போனார்கள். பயமுறுத்த இதை எழுதவில்லை. நான்கு மூலையிலும் கயிறு தரையில் இறுகக் கட்டியிருக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மழைக்கு முன்னால் காற்று கிளம்பினால் பணம் போனால் போகட்டும், இறக்கிவிடுங்கள். பன்னிரண்டு வயதுத் தடியர்கள் குதித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் பொடிசை உள்ளே விடாதீர்கள்.

தண்ணீர்ப் பூங்காவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கெடா வாசகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். இங்கே அன்பே ஆபத்தாகிற இடம் ஒன்று உண்டு. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கு மரத்தில் இறங்குகிறோமே, அதுதான். குழந்தையின் பாதம் ஓரத்தில் உரசி நின்றுவிடும். நம் கனமோ கீழே இழுத்துக்கொண்டு போகும். பிஞ்சுக் கால் முறியும். அமெரிக்காவில் 2002 முதல் 2015 வரை சறுக்கு மரங்களில் அடிபட்ட ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 350,000 பேர் என்று மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். அவற்றில் கால் முறிவு ஏராளம், அதற்கு இந்த மடிச் சவாரியே பெருங்காரணம் என்றும் சொன்னார்கள். பிள்ளை தனியாகச் சறுக்கும் அளவுக்குச் சின்ன சறுக்கு இருந்தால் சறுக்கட்டும். இல்லையேல் முழங்கால் தண்ணீரில் அளைந்து விளையாடட்டும். அப்போதும் ஒரு பெரியவர் கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். "நீ பார்க்கிறாய் என்று நான் நினைத்தேன்" என்று கணவனும் மனைவியும் சொல்லிக்கொள்ளும் நிலை யாருக்கும் வரக்கூடாது. தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தாது.

நாள் பார்ப்பதிலும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலும் பேராவிலும் வெள்ளிக்கிழமை வேலை நாள். பள்ளி விடுமுறை இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கதவு திறக்கும்போதே போய் நின்றால், வரிசை குறைவாக இருக்கும். ஒரு மணிக்கு மேல் வெயிலும் தூக்கமும் சேர்ந்து பிள்ளையைப் படுத்தும். பிறகு எதில் ஏற்றினாலும் அழுகைதான். "இவ்வளவு வெள்ளி கொடுத்து வந்திருக்கிறோம், எல்லாவற்றிலும் ஏறித்தான் ஆகவேண்டும்" என்று கணக்குப் பார்ப்பவர்கள் மாலையில் பிள்ளையை அடிப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மூன்று சவாரி போதும். ஒன்றையே மூன்று தடவை கேட்டால், அதையே கொடுங்கள்.

ஏறும் முன் இயக்குபவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்: "தம்பி, பிள்ளை அழுதால் நிறுத்துவீர்களா?" நிறுத்துவேன் என்றால் எப்படிக் கைகாட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்த முடியாத சவாரி என்றால், பிள்ளை அதை வெளியிலிருந்து ஒரு முழுச் சுற்று பார்க்கட்டும். பார்த்துவிட்டு "வேணாம்ப்பா" என்றால், வாதாடாதீர்கள்.

டிஸ்னிலாந்து எப்படித் தோன்றியது என்பதை அதைக் கட்டிய வால்ட் டிஸ்னியே சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பூங்காவில் தம் பெண் பிள்ளைகள் குடை ராட்டினத்தில் சுற்ற, தாம் வெறுமனே பலகையில் உட்கார்ந்திருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டுமே என்று தோன்றியதாம். 1955-இல் அதைத் திறந்துவிட்டார். எனக்கென்னவோ அந்தப் பலகை ஒன்றும் மோசமான இடமாகத் தெரியவில்லை.

என் மகளை அடுத்த ஆண்டும் அழைத்துப் போனேன். கப்பல் இருந்த பக்கமே அவள் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை. குட்டி ரயிலில் ஆறு தடவை போனாள். ஒவ்வொரு சுற்றிலும் பலகையில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டும்போது மணியை அடித்து, "அப்பா, இறங்கலியா, ஸ்டேஷன் வந்துருச்சு!" என்று கூவினாள்.