லினக்ஸ் கர்னலில் கோப்புப் பூட்டு அறிக்கை: மறைந்த வரிகளும் மீட்பும்

இரு நிரல்கள் ஒரே கோப்பில் ஒரே வேளையில் எழுதினால் தரவு சிதையும். அதைத் தவிர்க்க, எழுதும் நிரல் கோப்பின்மீது பூட்டு இடுகிறது. பிற நிரல்கள் அது விலகும்வரை காத்திருக்கின்றன. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் உள்ளிட்ட லினக்ஸ் இயங்குதளங்களில், இந்நிலையைக் கர்னல் ‘புரோக்’ அடைவிலுள்ள ‘லாக்ஸ்’ என்னும் கோப்பின்வழி அறிவிக்கிறது. இது வட்டில் சேமிக்கப்பட்ட கோப்பன்று; படிக்கும்தோறும் கர்னல் புதிதாக எழுதித் தருவது. பூட்டின் வகை, செயலாக்க எண், ஐநோடு எண், பூட்டிய பைட்டுகளின் எல்லை ஆகியன ஒரே வரியில் அமையும். காத்திருக்கும் கோரிக்கைகள் அதன்கீழ் அம்புக்குறியுடன் வரும்.

முன்னர், காத்திருக்கும் கோரிக்கைகள் யாவும் பூட்டின்கீழ் ஒரே பட்டியலாக நின்றன. பூட்டு விலகியதும் அனைத்தும் விழித்தெழும். ஒன்று வெல்லும், ஏனையவை மீண்டும் உறங்கும். இவ்வீண் உழைப்பைக் குறைக்க, 2019இல் வெளிவந்த 5.0 பதிப்பு அப்பட்டியலை மரவடிவமாக்கியது. புதிய கோரிக்கை, முன்பே காத்திருக்கும் ஒன்றோடு முரண்பட்டால் அதன்கீழ்ச் சென்று சேரும்.

அறிக்கை எழுதும் பகுதி மட்டும் பழையபடியே மரத்தின் முதல் நிலையை மட்டும் படித்தது. ‘அ’ பூட்டை வைத்திருக்க, ‘ஆ’, ‘இ’, ‘ஈ’ மூன்றும் முழுக்கோப்பிலும் எழுதக் காத்திருப்பதாகக் கொள்க. ‘இ’ ‘ஆ’வின்கீழும், ‘ஈ’ ‘இ’யின்கீழும் அமையும், அறிக்கையிலோ ‘ஆ’ ஒன்றே தென்படும். அச்சான வரிகளில் பிழையில்லை. ஆகவேதான் குறை எளிதில் புலப்படவில்லை எனலாம். தேங்கி நிற்கும் சேவையகத்தை ஆராயும் நிர்வாகிக்கு, சிக்குண்ட மூன்றில் இரண்டு செயலாக்கங்கள் தெரியாமலே போகும்.

2021இல் வெளிவந்த 5.13 பதிப்பு இதைச் சீர்செய்தது. மரம் முழுவதும் சுற்றிவரப்பட்டு, ஆழத்திற்கேற்ப வரிகள் உள்தள்ளி அச்சாகின்றன. செயற்கூறு தன்னைத்தானே அழைக்கும் மறுசுழல் முறை தவிர்க்கப்பட்டு, சுழற்சிக் கட்டளை கையாளப்பட்டது. கர்னலின் அடுக்கு நினைவகம் மிகச் சிறியது. காத்திருப்போர் வரிசையின் நீளத்திற்கோ வரம்பில்லை. முதல்நிலை வரியின் வடிவம் மாறாதது பயனுள்ள முடிவாகும். ‘எல்எஸ்லாக்ஸ்’ போன்ற கருவிகள் இவ்வரிகளையே பகுத்துப் படிக்கின்றன.

மற்றோர் இடைவெளியும் உண்டு. 2014இல் 3.15 பதிப்பில் வந்த, செயலாக்கத்தைச் சாராது திறந்த கோப்பு விவரிப்பைச் சார்ந்த பூட்டுகளுக்கு இவ்வறிக்கை செயலாக்க எண்ணாக -1 என்றே காட்டும். அவற்றை வைத்திருப்பது யாரெனக் காண, ஒவ்வொரு செயலாக்கத்தின் ‘எஃப்டிஇன்ஃபோ’ அடைவையும் தேடவேண்டும். பூட்டு விவரம் அங்கு இடம்பெற்றது 4.1 பதிப்பிலிருந்துதான்.