பழைய நூலும் புதிய கண்களும்

ஓட்டு வீட்டின் இருண்ட அறையில், கூரை இடுக்கு வழியே விழும் வெயிலில் எண்ணற்ற தூசிகள் ஓயாமல் அலைவதைப் பார்த்திருப்பீர்கள். இக்காட்சியைக் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ், பொருள்களின் இயல்பைப் பற்றிய தம் இலத்தீன் காவியத்தில் விவரித்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் ஓயாது இயங்குவதற்கு இத்தூசிகளின் அலைச்சலே அடையாளம் என்பது அவர் கருத்து.

அப்படியானால் பிரௌனியன் இயக்கத்தை ரோமானியர் அன்றே கண்டுபிடித்துவிட்டனரா? விடை சொல்ல, அந்நூலைப் படித்தால் மட்டும் போதாது. அதைப் பிற்காலத்தவர் எவ்வாறு படித்தனர் என்பதும் தெரியவேண்டும். இவ்வாறு பண்டைய கிரேக்க, ரோமானியப் படைப்புகளைப் பின்வந்தவர்கள் ஏற்ற விதத்தை ஆராயும் துறைக்குக் 'கிளாசிக்கல் ரிசப்ஷன்' என்று பெயர். தமிழில் 'செவ்வியல் ஏற்பாய்வு' எனலாம். பிரிட்டனில் இதை முதுகலை வகுப்பில் படிக்க முடியும்.

இதில் மாணவர் செய்யும் வேலை என்ன? ஒரு பழைய நூலை எடுத்துக்கொள்கிறார். அதைப் படியெடுத்தவர் யார், மொழிபெயர்த்தவர் யார், எதைச் சேர்த்தனர், எதை விட்டனர், ஏன் அந்தக் காலத்தில் அது தேவைப்பட்டது என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறார்.

லுக்ரீஷியஸின் நூலையே பாருங்கள். இடைக்காலத்தில் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்த அதன் பிரதி ஒன்றை, 1417-இல் இத்தாலிய அறிஞர் போஜியோ கண்டெடுத்தார். பின்னர் மாக்கியவெல்லி அதைத் தம் கையாலேயே படியெடுத்தார். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் கசெண்டி, லுக்ரீஷியஸ் ஆசானாகப் போற்றிய கிரேக்க அறிஞர் எபிகியூரஸின் அணுக்கொள்கையை ஏற்றார். ஆனால் அணுக்கள் என்றும் உள்ளவை என்பதை விடுத்து, இறைவன் படைத்தவை என்று மாற்றிக்கொண்டார். 1841-இல் கார்ல் மார்க்ஸ் தம் டாக்டர் பட்ட ஆய்வை டெமாக்ரிடஸ், எபிகியூரஸ் இருவரின் இயற்கைத் தத்துவங்களுக்கு இடையேயுள்ள வேறுபாடு பற்றியே எழுதினார். 1924-இல் வெளிவந்த லுக்ரீஷியஸின் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு முன்னுரை தந்தவர் யார் தெரியுமா? ஐன்ஸ்டீன்! நூல் ஒன்றுதான்; படித்தவர் ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி வேறு.

இனி நம் கேள்விக்கு வருவோம். வெயிலில் தெரியும் தூசிகளை அலைக்கழிப்பது பெரும்பாலும் காற்றோட்டமே. 1827-இல் பிரௌன் கண்டது, நீரில் மிதந்த மிக நுண்ணிய துகள்களின் நடுக்கம். 1905-இல் ஐன்ஸ்டீன் அதைக் கணக்கிட்டார். சில ஆண்டுகளில் பெரன் அளந்து காட்டினார். லுக்ரீஷியஸிடம் கணக்கும் இல்லை, அளவீடும் இல்லை. எனவே அவர் கண்டுபிடித்தார் என்பது தவறு. ஆனால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்பதும் தவறு. அணு என்னும் எண்ணம் அழியாமல் காலந்தோறும் கைமாறி வந்ததில் அந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

'எல்லாம் பழைய ஏட்டிலேயே இருக்கிறது' என்று யாரேனும் சொன்னால், உடனே தலையாட்டவும் வேண்டாம், எள்ளி நகையாடவும் வேண்டாம். ஏட்டில் உண்மையில் இருப்பது என்ன? அதில் இன்றைய பொருளை ஏற்றிச் சொன்னவர் யார்? சோதனையால் மெய்ப்பித்தவர் யார்? இம்மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். பழைய நூலுக்கும் அறிவியலுக்கும் நாம் செய்யும் மரியாதை அதுவே.