மதுரை வீரன் கப்பலேறிய தீவு

ரீயூனியன் தீவிலிருந்து வேர் தேடிப் புதுச்சேரிக்கு வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவது, பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு மனசுக்குப் பிடித்த வேலை. வருகிறவர் பெயர் ழான், மரி என்றிருக்கும். குடும்பப் பெயர் ராமசாமி. முகமோ நம் தெருக்காரர் முகம். "தமிழரென்கிறீர்கள், தமிழ் வராதா?" என்று நம்மவர்கள் கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்வி அநியாயம்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, எரிமலை பார்க்கப் பயணிகள் குவியும் அந்தத் தீவு இன்றும் பிரான்சின் பகுதி. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் குடியேறும்வரை அங்கே மனித வாசமே இல்லை. எல்லோருமே வந்தேறிகள்தான். 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். தோட்டத்துக் கொடுமைகளைக் கண்டு 1882இல் ஆங்கிலேய அரசு ஆளெடுப்பைத் தடுத்தது. அதற்குள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள்.

ஆப்பிரிக்க வழியினரை அங்கே 'காஃப்' என்கிறார்கள். குஜராத்தி முஸ்லிம்கள் 'ஸாராப்', சீனர் 'சினுவா', மலைப்பக்கத்து ஏழை வெள்ளையர் 'யாப்', நம்மவர் 'மல்பார்'. பிரெஞ்சு அரசு இனவாரிக் கணக்கு எடுப்பதில்லை. சுமார் ஒன்பது லட்சம் பேரில் நாலில் ஒருவர் நம் வழியினர் என்பது பொதுவான மதிப்பீடு. கலப்பு மணங்கள் சகஜம் என்பதால் ஒரே வீட்டில் இந்த நாலைந்து வழியும் இருக்கும்.

பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் கிரியோல், பிழைப்புக்காக ஞானஸ்நானம். தமிழ் எங்கே நிற்கும்? ஆனால் சாமி நின்றது. தோட்டத்துக் கோயில்களில் மதுரை வீரனுக்குக் கிடா வெட்டுகிறார்கள். பாஞ்சாலிக்கு விரதமிருந்து தீ மிதிக்கிறார்கள். அவர்களில் பலர் ஞாயிறன்று மாதா கோயிலுக்கும் போகிறவர்கள். நாகூர் ஆண்டவருக்குக்கூட இந்துக்களே கொடிமரம் ஏற்றுகிறார்கள், கடலில் முன்னோரைக் காத்தவர் என்று. முருங்கைக்கீரை அங்கே எல்லா இனத்தாரும் சோற்றோடு உண்ணும் உணவு. புதுச்சேரியில் முருங்கை மரத்தைப் பார்த்து, "முரும்!" என்று கூவிய ஓர் அம்மாள் இலையை உருவி முகர்ந்தார்.

நம் கோயில் குருக்கள்மாரிடம் ஒரு வேண்டுகோள். அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் இவர்களிடம் கோத்திரம், நட்சத்திரம் கேட்டால் திகைத்துப்போகிறார்கள். பெயரை மட்டும் கேளுங்கள். சிவகோத்திரம் என்று நீங்களே சேர்த்துச் சொல்லி, ராமசாமியின் பேரப்பிள்ளைக்கும் ஒரு அர்ச்சனை செய்துகொடுங்கள்.